ஊட்டியில் ஒரு வெள்ளை வாட்ச்மேன்!

செமஸ்டர் முடிஞ்சதும் ஊட்டிக்கு ஒரு டிரிப் அடிக்கணும்னு உங்க கேங்ல இந்நேரம் பேச்சு ஆரம்பிச்சிருக்கும். பைக்கா, பஸ்ஸாங்கிறதுலதான் சண்டை ஓடிட்டிருக்கும். எதுல போனாலும் சரி மக்களே, டிசம்பர் கடைசி, ஜனவரினா ஒரு நாளாவது காலை ஆறு மணிக்குப் போர்வையை உதறிட்டு எழுந்து தலைகுந்தா பக்கமோ காந்தள் பக்கமோ போயிடுங்க. வானம் தெளிவா இருந்த ராத்திரியா இருந்தா, புல் முழுக்க யாரோ உப்பு மூட்டையைக் கொட்டின மாதிரி வெள்ளை வெளேர்னு இருக்கும். அதான் உறைபனி. வெயில் ஏறினதும் ஆள் எஸ்கேப்!

செல்ஃபி எடுத்தாச்சா? இப்ப கொஞ்சம் சுத்திப் பாருங்க. திறந்தவெளியில் வெள்ளை. பக்கத்துல மரத்தடியில் மட்டும் பச்சை. ஒரே ஊர், ஒரே குளிர், பத்தடி தூரம்தான். ஏன் இப்படி?

பகல்ல வாங்கின சூட்டைத் தரை ராத்திரி பூரா வானத்துக்குத் திருப்பி அனுப்பிக்கிட்டே இருக்கும். மேலே மேகம் இருந்தா அது போர்வை மாதிரி, போற சூட்டுல கொஞ்சத்தைக் கீழேயே அனுப்பிடும். மேகமும் இல்லை, காத்தும் அசையலைனா தரை படபடனு குளிர்ந்து, காத்துல இருக்கிற ஈரம் புல் மேல ஐஸா படிஞ்சிடும். மரத்தோட கிளையும் இலையும் மேகம் பார்க்கிற அதே போர்வை வேலையைப் பார்க்குது. அதனாலதான் மரத்தடி பச்சை. (மெக்கானிக்கல் பசங்களா... ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல ரேடியேஷன் யூனிட்டை சாய்ஸ்ல விடுவீங்களே, இது அதுதான்!) ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். குன்னூர் அதுக்கு ஏறக்குறைய 400 மீட்டர் கீழே. போதாததுக்கு வடகிழக்குப் பருவமழை மேகம் வேற அந்தப் பக்கம் சுத்திட்டிருக்கும். அதனால குன்னூர்ல ஊட்டி அளவுக்கு உறைபனி கிடையாது.

நமக்கு இது போட்டோ. தோட்டக்காரருக்கு வயித்தெரிச்சல். 'பனியில தேயிலை கருகிடுச்சு'ம்பாங்க. ஐஸ்ல எப்படிங்க கருகும்னு தோணும். இலைக்குள்ள இருக்கிற தண்ணி உறைஞ்சு செல் கிழிஞ்சிடும்; வெயில் பட்டதும் இலை பழுப்பாகி, தீப்பட்ட மாதிரியே காய்ஞ்சிடும். அதனால இளம் செடிகளைத் தழை போட்டு மூடுவாங்க. கேரட், உருளைக்கிழங்குத் தோட்டத்துல அதிகாலையிலேயே ஸ்பிரிங்க்ளரைத் திறந்து பனியைக் கழுவி விடுவாங்க.

இப்ப மெயின் மேட்டர். இதே கருகல்தான் நீலகிரி மலையோட டிசைனையே போட்டிருக்கு. அவலாஞ்சி, அப்பர் பவானி, முக்குர்த்தி பக்கம் பார்த்தீங்கன்னா, மலை மடிப்புல அடர்த்தியா சோலைக்காடு. அதை விட்டு ஒரு அடி வெளியே வந்தா மொட்டைப் புல்வெளி. நடுவுல ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கும். சோலை மரத்தோட விதை வெளியே விழாமலா இருக்கும்? விழுது. ஆனா ஏன் அந்தக் கோட்டைத் தாண்டிக் காடு வளரலை?

பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த அதுல் ஜோஷி, மகேஷ் சங்கரன், ஜெயஸ்ரீ ரத்னம் மூணு பேரும் மேல் நீலகிரியில் இதை ஆராய்ஞ்சு 2020-ல் கட்டுரை வெளியிட்டாங்க. காட்டுக்குள்ளே கூரை இருக்கு, கன்று பிழைச்சுக்குது. புல்வெளியில் கூரை இல்லை, ராத்திரி உறைபனி சோலைக் கன்றைக் காலி பண்ணிடுது. புல்லும் கருகத்தான் செய்யும். ஆனா அதோட குருத்து மண்ணோட ஒட்டி இருக்கிறதால மழை வந்ததும் துளிர்த்திடும். ஆக, காட்டை உள்ளேயும் புல்லை வெளியேயும் நிறுத்தி வெச்சிருக்கிற வாட்ச்மேன் நம்ம உறைபனிதான்.

'அட, காட்டை வெட்டினதாலதானே பாஸ் புல் வந்துச்சு'னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஊட்டி பக்கத்துல தோண்டியெடுத்த சதுப்பு மண்ணுல இருக்கிற கார்பனை ஆர்.சுகுமார் உள்ளிட்ட விஞ்ஞானிகள் சோதிச்சு, 1993-ல் 'நேச்சர்' இதழில் எழுதினாங்க. கடந்த 20,000 வருஷ வரலாறு அந்த மண்ணுல இருந்துச்சு. புல் அப்பவே இங்கே சீனியர்!

பிரிட்டிஷ்காரங்களுக்கு இந்தப் புல்வெளி வெறும் தரிசாத் தெரிஞ்சுது. 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டிலும் யூகலிப்டஸும் வந்து இறங்கிச்சு. வாட்டிலை இங்கே சீகைனு சொல்வாங்க. விறகுக்கு, தோல் பதனிட, அப்புறம் ரேயான் கூழுக்குனு சுதந்திரத்துக்குப் பிறகும் நட்டுக்கிட்டே இருந்தோம். சிக்கல் என்னன்னா, சீகை உறைபனியை சோலை மரத்தைவிட நல்லாத் தாங்கும். வாட்ச்மேனுக்கே டேக்கா கொடுத்துட்டுப் பரவும். ராத்திரிக் குளிர் குறையக் குறைய இந்தக் கோடு இன்னும் கலையும்னு அதே கட்டுரை எச்சரிக்குது. பக்கத்துப் பழனி மலையில் நாப்பது வருஷத்துல மலைப் புல்வெளியில் மூணுல ரெண்டு பங்கு காணாமப் போனதா 2018-ல் ஓர் ஆய்வு வந்துச்சு. காரணம் மரத் தோட்டமும் விவசாயமும்.

புல் போனா என்னவாம்? நம்ம மாநில விலங்கு வரையாடு மேயற இடம் அது. 2025 கணக்கெடுப்புல தமிழ்நாடு முழுக்க மொத்தமே 1,303தான். உங்க கிளாஸ் கட் அடிக்கிற கும்பலையும் சேர்த்து எண்ணினா காலேஜ் ஸ்டிரெங்த் இதைவிட அதிகம் வரும்! நீலகிரி நெட்டைக்காலின்னு ஒரு குருவி புல்லுக்குள்ளேதான் கூடு கட்டும். 2018-ல் பூத்து, அடுத்து 2030-ல் பூக்க வேண்டிய குறிஞ்சிக்கும் வீடு அதே சரிவுதான்.

அதனால உங்க என்.எஸ்.எஸ். சார் 'ஊட்டி மலையில் ஆயிரம் மரக்கன்று'னு கேம்ப் அறிவிச்சா, கையைத் தூக்கி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'சார், அந்த இடத்துல முன்னாடி மரம் இருந்துச்சா, புல் இருந்துச்சா?' புல்னு பதில் வந்தா கன்றைச் சமவெளிக்கு, உங்க காம்பஸுக்கே திருப்பிக் கொண்டுவந்து நடலாம். கை சும்மா இருக்காதுன்னா, நீலகிரியில் சீகையை வெட்டிட்டு மறுபடி நாட்டுப் புல்லை நடுற வேலையும் நடக்குது. வனத்துறையில் அனுமதி கேட்டுட்டுப் போங்க. அனுமதி இல்லாம புல்வெளியில் இறங்கி ரீல்ஸ் எடுக்கிறது வேண்டாம். அபராதம் உங்க பாக்கெட் மணியைத் தாண்டிடும்.

பை தி வே, டிரிப்புக்கு ஸ்வெட்டரோட கிளவுஸும் எடுத்துக்கோங்க. ஊட்டியில காலை ஆறு மணிக்கு கேமரா பட்டனை அமுக்க விரல் வேலை செய்யணுமே!