நல்ல அம்மாவுக்கு ஒரு நல்ல வக்கீலும் வேண்டும்

செலஸ்ட் இங் எழுதிய 'லிட்டில் ஃபயர்ஸ் எவ்ரிவேர்' 2017-இல் வந்தது. 2020-இல் தொலைக்காட்சித் தொடராகவும் ஆனது. அன்றிலிருந்து இந்த நாவலைப் படித்தவர்களில் பாதிப் பேர் ஒரே வரியைத்தான் சொல்கிறார்கள்: "இரண்டு அம்மாக்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது." கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நாவலைப் பாதியில் மூடி வைத்தவர்கள் சொல்லும் பேச்சு அது! (கதையின் முடிவும் கீழே வருகிறது. இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே கழன்று கொள்ளலாம்.)

கதை நடப்பது 1990-களின் இறுதியில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஷேக்கர் ஹைட்ஸில். எழுத்தாளர் வளர்ந்த ஊரும் அதுதான். சீனாவிலிருந்து வந்து ஹோட்டலில் வேலை செய்யும் பீபீ சௌவைக் காதலன் கைவிட்டுவிடுகிறான். கையில் காசில்லை. குளிர்காலத்தில் கைக்குழந்தையைத் தீயணைப்பு நிலையத்தில் விட்டுப் போகிறாள். பலமுறை கரு கலைந்து நொந்துபோன லிண்டா மெக்கல்லா அந்தக் குழந்தையை வளர்க்கிறாள். மே லிங் என்ற பெயர் மிராபெல் ஆகிறது. ஒரு வருடம் கழித்து, தத்து முடிவாகும் முன்பே, பெற்றவள் திரும்பி வந்து பிள்ளையைக் கேட்கிறாள்.

லிண்டா கெட்டவள் அல்ல. குழந்தை மேல் அவளுக்குள்ள பாசத்தில் பொய் இல்லை. அவளைச் சூனியக்காரி ஆக்கி நாவலைப் பாராட்டுகிறவர்களும் தப்பாகத்தான் படிக்கிறார்கள். விஷயம் பாசத்தில் இல்லை, யாருக்கு யார் சிநேகிதி என்பதில் இருக்கிறது.

லிண்டாவின் சிநேகிதி எலினா ரிச்சர்ட்சன். எலினாவின் கணவர் வக்கீல், மெக்கல்லா தம்பதிக்காக வாதாடுவதே அவர்தான். எலினா உள்ளூர்ப் பத்திரிகை நிருபர், துப்புத் துலக்கத் தெரியும். கிளினிக் நடத்தும் இன்னொரு தோழியும் அவளுக்கு உண்டு. பீபீக்கு யார் இருக்கிறார்கள்? கூட வேலை பார்க்கும் மியா ஒருத்திதான். அவளோ எலினாவின் வீட்டில் வாடகைக்கு இருப்பவள்! நீதிமன்றம் எடை போட்டது இரண்டு தாய்களை மட்டும் அல்ல, இரண்டு விலாசப் புத்தகங்களையும்தான்.

எலினாவின் நட்பு எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். பீபீக்கு எதிராக ஏதாவது கிடைக்குமா என்று அந்தக் கிளினிக் தோழிக்குத் தெரியாமல் நோயாளிகளின் பதிவுகளைத் திறந்து பார்க்கிறாள். லிண்டாவுக்காகத்தான் என்று சொல்லிக்கொள்கிறாள். ஆனால் மியாவின் பழைய வாழ்க்கையை ஊர் விட்டு ஊர் போய்த் தோண்டியது லிண்டாவுக்காகவா? தன் சொல்லை மீறிய வாடகைக்காரி மேல் இருந்த கோபம் அது. (மியாவும் யோக்கியம் இல்லை. இன்னொரு தம்பதிக்காகச் சுமந்த பிள்ளையோடு ஓடி வந்தவள். பீபீக்குத் தகவல் சொன்னதில் அவளுடைய சொந்தக் கணக்கும் இருக்கிறது.)

"விட்டுவிட்டுப் போனவள்தானே" என்று பீபீயைச் சொல்பவர்கள் ஒன்றை யோசிக்கலாம். பச்சைக் குழந்தையை வழக்குக்குப் பயப்படாமல் ஒப்படைக்க வழி செய்யும் சட்டத்தை முதலில் கொண்டுவந்த மாநிலம் டெக்சாஸ், அதுவும் 1999-இல்தான். பீபீ செய்தது அதற்கும் முன்னால். ஒரு குளிர்கால இரவில் அவள் எடுத்த முடிவுக்கு ஆயுள் தண்டனை. லிண்டாவிடம் பீபீயின் வக்கீல் எட் லிம், குழந்தைக்கு அதன் பிறப்பைப் பற்றி என்ன சொல்லித் தருகிறீர்கள் என்று கேட்கும்போது வரும் பதில் சீன ஹோட்டல் ரகம். அதற்குத் தண்டனை இல்லை. நீதிபதி குழந்தையை அவளுக்கே கொடுக்கிறார்.

எழுத்தாளர் மேலும் ஒரு குறை உண்டு. எலினாவின் மனசுக்குள் பக்கம் பக்கமாகப் போகிறவர், பீபீயின் மனசுக்குள் அவ்வளவு தூரம் போகவில்லை. கடைசியில் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சீனாவுக்குப் போய்விடுகிறாள், கதையை விட்டே போய்விடுகிறாள். அதற்குப் பிறகு மெக்கல்லா தம்பதி என்ன செய்கிறார்கள்? சீனாவிலிருந்து இன்னொரு குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பம் போடுகிறார்கள்.