ஏற்காடு ஏறியவருக்கு கேதார்காந்தா ஈஸியா?

டிசம்பர் வந்தாலே சேலம், நாமக்கல் இளைஞர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் 'கேதார்காந்தா போலாமா?' என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில், சாங்க்ரி கிராமத்திலிருந்து தொடங்கும் பனிக்கால ட்ரெக் அது. உச்சி சுமார் 12,500 அடி. 'புதியவர்களுக்கு ஏற்றது' என்றே பேக்கேஜ்கள் விற்கப்படுகின்றன. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை சைக்கிளில் ஏறியவருக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது.

கால் வலுவைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரிதான். ஆனால் நம்ம பக்கத்து மலைகளில் எவ்வளவு ஏறினாலும், மரமே வளர முடியாத உயரம் வராது. சேர்வராயன் உச்சியே சுமார் 5,300 அடிதான். கேதார்காந்தாவில் கடைசிக் கட்ட ஏற்றம் மரங்களைத் தாண்டிய வெட்டவெளி. சூரிய உதயத்தைப் பார்க்க, அதை இருட்டிலேயே ஏறுகிறார்கள்.

கீழே காடு காற்றைத் தடுக்கும். மேலே தடுக்க எதுவும் இல்லை. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. காற்று அடித்தால், உடம்புக்கு அது மைனஸ் 20 போல. மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. பனி கிளம்பினால் முன்னால் போனவரின் கால்தடம் சில நிமிடங்களில் மறைந்துவிடும். வியர்வையில் நனைந்த காட்டன் டி-ஷர்ட் காயாது, உடல் சூட்டை உறிஞ்சும். கூட வருபவர் உளறுகிறார், தடுமாறுகிறார் என்றால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்குகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் நடுக்கம் நின்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பலர் 'சரியாகிட்டார்' என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான்.

குளிர்காலம்கூடத் தேவையில்லை. 2024 ஜூன் தொடக்கத்தில் இதே உத்தரகாசிப் பகுதியின் சஹஸ்த்ர தால் பாதையில் 22 பேர் குழு பனிப்புயலில் சிக்கியது. பெரும்பாலும் கர்நாடகாவைச் சேர்ந்தவர்கள். 9 பேர் இறந்தனர்.

'புதியவர்களுக்கு ஏற்றது' என்றால் கயிறு கட்டி ஏற வேண்டியதில்லை, அவ்வளவுதான். வானிலைக்கு அந்த லேபிள் தெரியாது. நான்கு நாள் லீவு, ரயில் டிக்கெட், கட்டிய பணம் எல்லாம் சேர்ந்து 'இவ்ளோ தூரம் வந்துட்டோமே' என்று தள்ளும். லீடர் 'திரும்பலாம்' என்றால் முகம் சுளிப்பதும் அதனால்தான்.

ஆக, பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டியது: உச்சி வரவில்லை என்றாலும் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? தலைவலி, வாந்தி வந்த ஒருவரைக் கீழே கூட்டிப்போகத் தனி ஆள் உண்டா? ஷூவில் மாட்டும் மைக்ரோ ஸ்பைக் சாங்க்ரியில் வாடகைக்கே கிடைக்கும். இந்த இரண்டு கேள்விக்கும் நேரான பதில் வராத பேக்கேஜ், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.