சிலிண்டரா, இண்டக்‌ஷனா? செல்போனிலேயே கணக்குப் போடலாம்!

செய்யாற்றங்கரையில், சம்பந்தர் பாடிய மாகறலீஸ்வரர் கோயில் இருக்கும் ஊர் மாகறல். அங்கே ஒரு வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"அத்தே, கேஸை நிறுத்திட்டு எல்லாத்தையும் இண்டக்‌ஷன்லயே சமைச்சிடலாமா?" என்கிறாள் மருமகள்.

"கரன்ட் பில்லு எகிறிடப் போகுதும்மா!" என்கிறார் மாமியார்.

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. கேஸைக் கிலோவில் அளக்கிறோம், கரன்ட்டை யூனிட்டில் அளக்கிறோம். அதனால்தான் குழப்பம். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் விடை தெரிந்துவிடும். செல்போனில் கூகுள் ஷீட்ஸோ எக்ஸெலோ இருந்தால் போதும்.

ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. அதாவது 3.6 மெகாஜூல், சுமார் 860 கிலோ கலோரி. சமையல் கேஸ், கிலோவுக்குச் சுமார் 46 மெகாஜூல் வெப்பம் தரும். இனி கணக்கு:

1. முதல் கட்டத்தில் சிலிண்டரின் எடை 14.2 என்று எழுதுங்கள்.

2. அடுத்த கட்டத்தில் சமக்குறி போட்டு, முதல் கட்டத்தைத் தொட்டு, *46/3.6 என்று அடியுங்கள். சுமார் 181 யூனிட் வரும்.

3. கேஸ் அடுப்பின் வெப்பம் முழுவதும் பாத்திரத்துக்குப் போகாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள அடுப்பு குறைந்தது 68 சதவீதம் தரவேண்டும். அதனால் *0.68. விடை 123.

4. இண்டக்‌ஷனிலும் கொஞ்சம் வீணாகும். 85 சதவீதம் என்று வைத்து, /0.85 போடுங்கள். விடை 145.

ஆக, ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்கு இண்டக்‌ஷனில் சுமார் 145 யூனிட் வேண்டும்.

அந்த வீட்டில் சிலிண்டர் இரண்டு மாதம் வருகிறது, கரன்ட் 380 யூனிட் ஓடுகிறது என்று கொள்வோம். முழுச் சமையலையும் மாற்றினால் 525. இங்கேதான் கவனம் வேண்டும். 2022-ல் வந்த கட்டண முறையில், 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு 2.25 ரூபாய் என்ற சலுகை விலை போய், 4.50 ஆகிவிடும். அதிலேயே 225 ரூபாய் கூடுதல். பாதிச் சமையலை மட்டும் மாற்றினால் 453-ல் நிற்கும். மாமியார் பயந்ததும் சரி, மருமகள் கேட்டதும் சரி!

பிறகு கட்டணம் மாறியிருக்கிறது. எனவே உங்கள் பில்லில் இருக்கும் விலையைப் போட்டு, வரும் தொகையைச் சிலிண்டர் விலையோடு ஒப்பிடுங்கள். தறி வீடாக இருந்தால் கணக்கே வேறு. கைத்தறி நெசவாளர்களுக்கான இலவச மின்சாரம் 2023-ல் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டிலிருந்து 300 ஆனது. உங்கள் இணைப்புக்கு அது உண்டா என்று முதலில் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. அளவை மாற்ற ஷீட்டிலேயே 'கன்வெர்ட்' என்ற ஃபார்முலாவும் உண்டு. அதில் மெகாஜூலுக்குப் பெரிய 'எம்' போடவேண்டும். சின்ன 'எம்' போட்டால் அது மில்லிஜூல். விடை 100 கோடி மடங்கு மாறிவிடும்! சந்தேகம் வந்தால், ஒரு யூனிட்டைப் போட்டுப் பாருங்கள். 3.6 வந்தால் சரி.

பால், டீ, குழம்பு சூடாக்குவது இண்டக்‌ஷனில். சோறும் இட்லியும் கேஸில். இந்த உடன்பாடு பல வீடுகளுக்குப் பொருந்தும்.