நாலு கட்டத்துக்குள் எங்க மலைப்பூண்டு

போன மாசம் கொடைக்கானலில் ஒரு பயிற்சிக் கூட்டம். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கமிருந்து பூண்டு போடுகிறவங்க முப்பது பேர் போயிருந்தோம். வெளியூரிலிருந்து வந்த தம்பி ஒருத்தர் சார்ட் பேப்பரில் நாலு கட்டம் போட்டார். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். இதுக்கு ‘ஸ்வாட்’னு பேராம்.

பலம்: நல்ல காரம், மருத்துவ குணம், நாள்பட வைத்தாலும் கெடாது, 2019-ல் கிடைத்த புவிசார் குறியீடு. பலவீனம்: விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லை, தரம் பிரிப்பதில்லை, உடனே விற்றுவிடுகிறார். வாய்ப்பு: ஆன்லைன், ஏற்றுமதி. அச்சுறுத்தல்: வடநாட்டுப் பூண்டு.

கை தட்டினோம், டீ குடித்தோம், பஸ் ஏறினோம். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. பலமெல்லாம் பூண்டோடது, பலவீனமெல்லாம் எங்களோடதாம்!

இந்த நாலு கட்டம் 1960கள் வாக்கில் அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் திட்டம் போடுவதற்காகப் பிறந்தது. கம்பெனிக்கு அது சரி. பொருளும் அவங்களோடது, விலை வைப்பதும் அவங்க, லாபமும் அவங்களுக்கு. மலைப்பூண்டு அப்படியா? விளைவிப்பது ஒருத்தர், விலை வைப்பது இன்னொருத்தர், பை மேல் பேர் அச்சடிப்பது மூணாவது ஆள். மூணு பேருக்கும் சேர்த்து ஒரே அட்டவணை போட்டால் அது யாருடைய கணக்கு?

‘நாள்பட வைக்கலாம்’ என்பதை எடுத்துக்குவோம். நிஜம்தான். கட்டித் தொங்கவிட்டுப் புகை போட்டால் மாசக்கணக்கில் கெடாது. ஆனால் விதைக்கும் உரத்துக்கும் வாங்கின முன்பணம் மாசக்கணக்கில் காத்திருக்காதே! பிடுங்கின ஈரம் காயுமுன்னே மூட்டை வடுகபட்டி மண்டிக்கு இறங்கிவிடும். அங்கே வடநாட்டுச் சரக்கும் வந்து இறங்குகிறது. அதே பூண்டை வாங்கி வைத்து விலை ஏறும்போது விற்கிறவருக்குத்தான் அது பலம். ‘உடனே விற்றுவிடுகிறார்’ என்று எங்க பலவீனமாக எழுதினீங்களே தம்பி, அதுக்குப் பேர் விழிப்புணர்வு இல்லாமை இல்லை, கடன்.

புவிசார் குறியீடு? அதைப் போட்டு விற்க, விளைவிக்கிறவர் ஒவ்வொருத்தரும் அனுமதி பெற்ற பயனாளராகச் சென்னைப் பதிவகத்தில் தனியாகப் பதிய வேண்டும். போலியாகப் பயன்படுத்தினால் ஆறு மாசம் முதல் மூணு வருஷம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கு. ஆனால் கடையில் ‘மலைப்பூண்டு’ என்று பலகை வைத்தால் எந்த மலை என்று யார் கேட்கிறாங்க?

எங்களுக்குக் கீழே, இதே பழனி மலையில், விருப்பாச்சி வாழைக்குச் சுமார் பத்து வருஷம் முன்னாடியே இந்தக் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பழம் அது. 1970களிலிருந்து முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழித்தது. பேரைக் காப்பாற்றும் சான்றிதழ் கன்றைக் காப்பாற்றாது.

எங்க அச்சுறுத்தலும் அந்த வகைதான். பூண்டுக்குப் பல்லுதான் விதை. முடை வரும் வருஷம் விதைக்கு எடுத்து வைத்ததும் மண்டிக்குப் போகும். அடுத்த வருஷம் விதையையே விலைக்கு வாங்கணும். அதுவும் முடியாதவர் படிக்கட்டு நிலத்தைக் காட்டேஜ் கட்டக் கொடுத்துவிடுகிறார். அந்த நிலத்தில் திரும்பப் பூண்டு முளைக்காது. இதுக்குச் சார்ட் பேப்பரில் இடமே இல்லை.

கட்டம் போடுவதே தப்புன்னு நான் சொல்லலை. ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே ‘யாருக்கு?’ என்று எழுதிட்டுப் போடுங்க என்கிறேன். அப்படிப் போட்டால் செய்ய வேண்டியது தானே தெரியும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் விளைச்சலை அடகு வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கும் வழி இருக்கு. அது எங்க ஊர் வாசல் வரைக்கும் வரட்டும். பயனாளர் பதிவை ஊருக்கே வந்து செய்து கொடுக்கட்டும். ஏற்றுமதியைப் பிறகு பேசிக்கலாம்.

படிக்கிற நீங்களும் ஒரு வேலை செய்யலாம். அடுத்த முறை மலைப்பூண்டு வாங்கும்போது கடைக்காரரிடம் ரெண்டு கேள்வி கேளுங்க: எந்த ஊர்? விளைவித்தவருக்கு என்ன விலை கொடுத்தீங்க? முதல் கேள்விக்கே அவர் முழித்தால், நீங்க கூடுதலாகக் கொடுக்கிற காசு எங்க ஊருக்கு வரலைன்னு அர்த்தம்.