பரண் மேல் ஒரு பாறை



சென்ற ஷஅபான் மாதம் சாச்சி வீட்டிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. “நோன்பு வருகிறதே என்று பரணை ஒழுங்கு செய்கிறோம் தம்பி. உன் சாச்சாவின் பழைய பெட்டி ஒன்று கிடக்கிறது. அரபு எழுத்துப் போட்ட டைப் மிஷின். பழைய இரும்புக்காரர் வாசலில் நிற்கிறார். கொடுத்துவிடட்டுமா?” என்று கேட்டார். சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு விரைந்தேன்.

அது டைப் மிஷின் அன்று; ‘ஸக்ர்’ கணினி. ஸக்ர் என்னும் அரபுச் சொல்லுக்குப் பாறை என்று பொருள். குவைத்தைச் சேர்ந்த முஹம்மது அல் ஷாரிக் என்பவர் 1982ஆம் ஆண்டு தொடங்கிய அல் ஆலமிய்யா நிறுவனம் அதனை வெளியிட்டது. 1983இல் அறிவிக்கப்பட்ட எம்.எஸ்.எக்ஸ் என்னும் பொது இலக்கணத்தின்படி ஜப்பானின் யமஹா நிறுவனம் அதனைத் தயாரித்துக் கொடுத்தது. விசைப்பலகைக்குள்ளேயே கணினி அடங்கியிருக்கும். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே அதற்குத் திரை. நினைவகம் வெறும் 64 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதனினும் பன்மடங்கு பெரிது.

ஆயினும் அந்தச் சிறு பெட்டி ஒரு பெரிய காரியத்தைச் சாதித்தது. அரபு எழுத்து வலமிருந்து இடமாக ஓடுவது. சொல்லின் முதலில், இடையில், கடையில், தனியில் என்று இடத்திற்கேற்ப வடிவம் மாறுவது. அதனை அப்பெட்டி திரையில் கோத்துக் காட்டிற்று. 1988இல் சாச்சா விடுமுறையில் வந்தபோது அதனைக் கொண்டு வந்தார். பள்ளிக்கூடம் காணாத எங்கள் பெரியம்மா, ஓதப் பழகிய எழுத்துகளை அடையாளம் கண்டு, ஒற்றை விரலால் தம் பெயரை எழுத்தெழுத்தாக அழுத்தித் திரையில் கண்டு மகிழ்ந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. நாங்கள் சிறுவர்களோ, பனிப்பிளவுகளைத் தாண்டி ஓடும் பென்குவின் விளையாட்டுக்காக வரிசையில் காத்திருந்தோம்.

1990 ஆகஸ்டில் ஈராக்கியப் படை குவைத்திற்குள் புகுந்தது. ஸக்ர் நிறுவனம் பின்னர் கெய்ரோவிலிருந்து இயங்க நேர்ந்தது. நம் சபராளிகள் பல்லாயிரம் பேர் அம்மான் வழியாக உடுத்திய துணியோடு ஊர் திரும்பினர். சாச்சாவும் அவர்களுள் ஒருவர். அவருடைய குவைத் உழைப்பில் வீட்டில் மிஞ்சிய பொருள் இப்பெட்டி ஒன்றே. 2011இல் அவர் வஃபாத்தானார். அல் ஷாரிக் அவர்களும், இஸ்லாமியச் சேவைக்கான மன்னர் ஃபைசல் விருதை 2021இல் பெற்று, 2024இல் மறைந்தார்.

இத்தகைய பெட்டி உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம். எடுத்தவுடன் மின்சாரத்தில் செருகிப் பார்க்காதீர்கள். பல்லாண்டு உறங்கிய மின்தேக்கிகள் உலர்ந்தோ, கசிந்தோ போயிருக்கும். திடீரென்று மின்சாரம் பாய்ந்தால், நல்ல பாகமும் கெடும். வானொலி பழுது பார்க்கும் அனுபவசாலி ஒருவரிடம் முதலில் காட்டுங்கள். பின்புறம் எழுதியுள்ள மின்னழுத்தத்தையும் பாருங்கள். குவைத்தின் 240 வோல்ட் பொருள் இங்கே இயங்கும். சவூதியில் முன்பு 127 வோல்ட்டும் புழங்கியதால், அங்கிருந்து வந்த பொருள் எரிந்துவிடக்கூடும். விளையாட்டுப் பேழைகளின் செப்புப் பற்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்தால் போதும். வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெயில் பட்டால் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறும்.

எல்லாவற்றிலும் முதற்கவனம் ஒலிநாடாக்களுக்கே உரியது. அக்காலத்தில் கணினிக்கான நிரல்களும் சாதாரண கேசட்டுகளில்தாம் பதிந்திருந்தன. நொடிக்கு 1200 துணுக்குகள் வீதம் கீச்சொலியாக அவை கணினிக்குள் ஏறும். 16 கிலோபைட் விளையாட்டு ஒன்று ஏற இரண்டரை நிமிடம் ஆகும். நம் கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் நாடாவில் பூஞ்சை படரும். ஆகவே அழிபடாமல் இருக்கக் கேசட்டின் மேற்புறத் தடுப்பை உடைத்துவிட்டு, ஒலியை இன்றைய கணினியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

சாச்சாவின் பெட்டியோடு ஆறு கேசட்டுகள் இருந்தன. ஒன்றில், அவர் கையெழுத்தில், ‘பிள்ளைகளுக்குக் கணக்கு, 1989’ என்று இருந்தது. ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்தனுப்பியது. பதிவு செய்யும்போது கீச்சொலி ஓய்ந்தது. நிறுத்தக் கை நீட்டினேன். அப்போது, “அஸ்ஸலாமு அலைக்கும்” என்றது சாச்சாவின் குரல்!

நாங்கள் அன்று நிரல் ஏறியதும் கேசட்டை நிறுத்திவிட்டு விளையாடப் போய்விட்டோம். எவரும் மேலே கேட்டதில்லை. பெட்டி வாங்குவதற்காக அறை நண்பர் ஒருவரிடம் 40 தீனார் கைமாற்றாக வாங்கியிருப்பதாகவும், சம்பளத்தில் சிறுகச் சிறுகக் கொடுத்துவிடுவதாகவும், தமக்கு ஏதேனும் நேர்ந்தால் இதனைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் சொல்லியிருந்தார்.

சாச்சி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “கொடுத்தாரோ இல்லையோ, அல்லாஹ்வே அறிந்தவன். ஆனால் சந்தேகத்தோடு அவரைக் கபுரில் விட்டுவைக்க மாட்டேன்” என்றார். நண்பர் மறைந்துவிட்டிருந்தார், மகன் பக்கத்து ஊரில் இருந்தார். முதலில் வாங்க மறுத்த அவர், சாச்சி வற்புறுத்திய பிறகு பெற்றுக்கொண்டு, தம் தந்தையின் பெயரால் மதரஸாவுக்கு அளித்தார். அல்ஹம்துலில்லாஹ்!

எடைக்குப் போட்டிருந்தால் அப்பெட்டிக்குச் சில நூறு ரூபாய் கிடைத்திருக்கும். ஒரு மய்யித்தின் பொறுப்பும் அதனோடு போயிருக்கும். பழைய பொருள்களைத் தூக்கி எறியுமுன் திறந்து பாருங்கள். கேசட்டுகளை இறுதிவரை ஓடவிட்டுக் கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.