இரண்டும் ஒன்றல்ல

தெற்கு டெக்சாஸின் வறண்ட பண்ணை நிலங்களில் வில்லோடு இறங்குபவர் குறிபார்ப்பதற்கு முன் இனம் பிரித்தறியக் கற்க வேண்டும். மெஸ்கீட் முட்புதர்களுக்கிடையே இரண்டு விலங்குகள் திரிகின்றன. ஒன்று, ஐரோப்பியர் கொண்டுவந்து பின்னர் காடேறிய பன்றி. மற்றொன்று அந்த மண்ணுக்கே உரிய ஹாவெலினா. பார்வைக்குப் பன்றி போலிருந்தாலும் வேறு குடும்பம். பன்றி பயிரைக் கிளறி நாசமாக்கும், வேகமாகப் பெருகும். ஹாவெலினா சப்பாத்திக்கள்ளியைத் தின்று வாழும். ஈற்றுக்குப் பெரும்பாலும் இரண்டே குட்டி. சட்டமும் இவ்வேறுபாட்டை மதிக்கிறது. பன்றிக்கு எண்ணிக்கை வரம்பில்லை. 2019 முதல், தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதித்தால் உரிமமும் தேவையில்லை. ஹாவெலினாவுக்கு உரிமம் கட்டாயம். ஒருவர் ஆண்டுக்கு இரண்டுக்கு மேல் கொல்லக் கூடாது.

இங்கேதான் வில்லை நான் ஆதரிக்கிறேன். ஹாவெலினாவுக்குக் கண் மந்தம், மோப்பம் கூர்மை. எதிர்க்காற்றில் மெல்ல நகர்ந்து இருபது, முப்பது கஜத்துக்குள் நெருங்கினால்தான் அம்பு விட முடியும். அந்த நெருக்கத்தில் எந்த விலங்கு, குட்டியோடு நிற்கும் தாயா என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆனால் வில்வேட்டை பன்றித்தொல்லையை ஒழிக்கும் என்று யாரும் சொல்ல வேண்டாம். அதற்குக் கூட்டத்தையே மொத்தமாகப் பிடிக்கும் பெரிய பட்டிப்பொறிகள் வேண்டும். பன்றியின் மீதுள்ள கோபத்தில் ஹாவெலினாவையும் தொல்லை விலங்காக எண்ணிக் கொல்வது அநியாயம். சந்தேகம் இருந்தால் நாணைத் தளர்த்துவதே வேட்டைக்காரருக்கு அழகு.