திடீர் திடீரென அணையும் கம்ப்யூட்டர்... 'மதர்போர்டு போச்சு' என முடிவு கட்டும் முன் இதைப் பாருங்க!

பிள்ளையின் காலேஜ் புராஜெக்ட், வீட்டு வரவு செலவுக் கணக்கு, பத்து வருடக் குடும்பப் போட்டோக்கள்... எல்லாம் இருக்கும் கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்துபோனால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். மறுபடி ஆன் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். கடைக்குத் தூக்கிப் போனால் அங்கே இன்னும் சமர்த்தாக ஓடும். கடைசியில், 'மதர்போர்டை மாத்திப் பார்க்கலாம்' என்பார்கள். சில ஆயிரங்கள் போகும். பிரச்னை மட்டும் போகாது.

முதல் வேலை என்ன?

ரிப்பேர் அல்ல, பேக்கப். அணைவதற்குக் காரணம் ஹார்டு டிஸ்க்காக இருந்தால், நீங்கள் செய்யும் ஒவ்வொரு சோதனையும் அதன் ஆயுளைக் குறைக்கும். முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கிலோ, பென் டிரைவிலோ காப்பி செய்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

எப்படி அணைகிறது?

எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஸ்விட்சை அணைத்ததுபோல நின்றால், சந்தேகம் மின்சாரம் அல்லது சூட்டின் மீது. எரர் கோடுடன் நீலத் திரை வந்தால் ரேம், டிஸ்க், டிரைவர் மூன்றையும் சந்தேகிக்கலாம். மௌஸ்கூட நகராமல் உறைந்து, டிஸ்க் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தால் டிஸ்க்கைப் பாருங்கள். கேம், வீடியோ எடிட்டிங் நேரத்தில் மட்டும் அணைந்தால் சூடு, கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எம்.பி.எஸ் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம்.

விண்டோஸின் தேடல் பெட்டியில் 'ரிலையபிலிட்டி' என ஆங்கிலத்தில் டைப் செய்தால், எந்தத் தேதியில் என்ன கோளாறு என்ற வரைபடம் வரும். ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று இருப்பதைப் பார்த்து, 'பவர் சப்ளை போச்சு' எனப் பலர் பதறுவார்கள். முறையாக ஷட் டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் நின்றது என்பது மட்டுமே அதன் பொருள். காரணத்தை அது சொல்லாது.

ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்

சூடு: எச்.டபிள்யூ மானிட்டர் போன்ற இலவச மென்பொருளில் பிராசஸரின் வெப்பத்தைப் பார்க்கலாம். பல பிராசஸர்கள் 95 முதல் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைக்கும். அதற்கும் மேல் போனால் அணைந்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதி எடுங்கள்.

மின்சாரம்: மோட்டார் போடும்போதோ, ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போதோ அணைகிறதா? யு.பி.எஸ் பேட்டரி பலவீனமாகியிருக்கலாம். யு.பி.எஸ் இல்லாமல் நேரடியாக வேறு பிளக்கில் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மட்டும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

ரேம்: 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' விண்டோஸிலேயே இருக்கிறது. ஒரே ஒரு பிழை காட்டினாலும் ரேமை நம்ப வேண்டாம். பிழை காட்டாவிட்டால் இரவு முழுக்க மெம்டெஸ்ட்86 ஓட விடுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில் போட்டு ஓட்டுங்கள். எந்த ரேமைப் போட்டாலும் அணைந்தால், ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள்.

டிஸ்க்: கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் 'காஷன்', 'பேட்' என்று வந்தால் புது டிஸ்க் வாங்கும் நேரம் வந்துவிட்டது.

எல்லா நீலத் திரைக்கும் ஹார்டுவேர் காரணமில்லை. 2024 ஜூலை 19-ம் தேதி உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை முடக்கியது, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட். இதைப் பிரித்தறிய ஒரு வழி, பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்ப்பது. அதிலும் அணைந்தால் ஹார்டுவேர் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அரிதாக பிராசஸரே குற்றவாளியாவதும் உண்டு. இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில், தேவைக்கு அதிகமான வோல்டேஜ் கோளாறை உண்டாக்குவதாக அந்த நிறுவனமே 2024-ல் ஒப்புக்கொண்டு, வாரன்ட்டியை 2 ஆண்டுகள் நீட்டித்தது. பயாஸ் அப்டேட் இனி வரும் பாதிப்பைத் தடுக்கும்; ஏற்கெனவே பாதிக்கப்பட்ட சிப்பைக் குணமாக்காது. இந்தப் பிராசஸர் இருப்பவர்கள் காசு கொடுத்து மாற்றும் முன் வாரன்ட்டியைப் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேம், கேபிள், யு.பி.எஸ் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், எதனால் சரியானது என்றே தெரியாது. அணைந்த தேதி, நேரம், அப்போது செய்த வேலை, எரர் கோடு ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துவையுங்கள். நீலத் திரையை மொபைலில் போட்டோ எடுங்கள். கடைக்குப் போக நேர்ந்தாலும், 'என்னென்ன சோதித்தாயிற்று' என்ற அந்தத் தாளோடு போங்கள். தேவையில்லாத பில் பாதி குறையும்!